ஃபோர்க்குக்கு வளையல் போட்ட வாரம்

மே 2, சனி

காலையில் தூறல். கடை திறப்பதற்குள் வெயில்.

முதல் வியாபாரமே சரியில்லை. முதலமடையிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும். வளைகாப்புக்குப் பச்சைக் கண்ணாடி வளையல். மருமகளுக்கு மெத்தென்ற கை, 2-4 அளவு வளையல் வழுக்கிக்கொண்டு போகவேண்டியது. நான்தான் போட்டுவிட்டேன். மூன்று உடைந்தது. மூன்றாவது அந்தப் பெண்ணின் மணிக்கட்டில் கீறியும் விட்டது.

"ஏனுங்க, நல்ல காரியத்துக்கு வந்தா இப்படி ஒடச்சுப் போடறீங்களே!" என்று மாமியார் முகம் சுண்டிப்போய்க் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். மீதி வளையலை அத்தா வந்து போட்டுவிட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். நேற்று மாந்தோப்பில் மண் வண்டி ஓட்டினேன், அதாவது என் டர்ட் பைக். ஒவ்வொரு குழிக்கும் ஹேண்டில்பார் உள்ளங்கையில் சம்மட்டியால் அடித்தது. இன்று காலை வரை வலது கை மரப்பு. வளையல் எலும்பில் முட்டுகிறதா, வழுக்குகிறதா என்று விரலுக்குத் தெரியவேண்டும். தெரியவில்லை.

அத்தாவுக்கும் காரணம் தெரியும். சாப்பிடும்போது சொன்னார்: "கை வேணுமா வண்டி வேணுமான்னு நீயே முடிவு பண்ணிக்கோ, ஃபௌஸியா. நெம்மாறக்காரன் ஒருத்தன் வண்டி கேட்டுட்டே இருக்கறான். திங்கக்கெழம வரச் சொல்லப் போறேன். நாளைக்கழிச்சு இல்ல, அதுக்கடுத்த திங்க."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். மெதுவாகச் சொல்லிவிட்டார். படுபாவி மனுஷன்.

பத்தாம் தேதி ஞாயிறு தோப்பில் பந்தயம். பெண்கள் பிரிவு முதல் தடவையாக வைத்திருக்கிறார்கள். மறுநாளே வண்டியைக் கொடுக்க வேண்டுமாம்!

பேரம் பேசினேன். அந்தத் திங்கள் கொல்லங்கோட்டுக் கல்யாணப் பெண் கைக்கு வளையல் போட வருகிறாள், பெரிய ஆர்டர். ஞாயிறு பந்தயம் ஓட்டிவிட்டு, திங்கள் அவள் கைக்கு நானே போடுகிறேன். ஒன்று உடைந்தாலும் வண்டி நெம்மாறைக்கு.

"ஒண்ணுகூட ஒடையாதா?"

"ஒண்ணுகூட."

அத்தா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மே 3, ஞாயிறு

வெயில். அரை நாள் கடை. மதியம் வண்டியோடு.

வேலை:
– செயினுக்கு எண்ணெய் (ஆச்சு)
– ஏர் ஃபில்டர் கழுவ (ஆச்சு)
– ஏன் கை இப்படி அடிபடுகிறது என்று கண்டுபிடிக்க

மூன்றாவதற்குக் கடையிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் வளையல் எடுத்துப் போனேன். முன் சக்கரத்தைப் பிடித்து அடி தாங்குகிற ஃபோர்க்கின் பளபளக் குழாயில் மாட்டி மேலே தள்ளிவிட்டு, குழியும் மேடுமாக ஓட்டினேன். ஃபோர்க் எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு தூரம் வளையல் கீழே தள்ளப்படும். அரைச் சாண்கூட நகரவில்லை. போகவேண்டியது ஒன்றரைச் சாண்! அதாவது என் ஃபோர்க் வேலையே செய்யவில்லை. ஃபோர்க் வாங்கவேண்டிய அடியையெல்லாம் என் கை வாங்குகிறது.

இந்த வண்டி ஒரு கதம்பம். கோயம்புத்தூரில் ஒருவரிடம் வாங்கியது. எஞ்சின் ஒரு வண்டியுடையது, சட்டம் வேறொன்று, ஃபோர்க் எதிலிருந்து வந்தது என்பது அல்லாவுக்கே வெளிச்சம். யாரோ கனமான ஆளுக்காகப் போட்ட ஃபோர்க் என்பது மட்டும் நிச்சயம். என்னைப் போல் இருவர் ஏறினால்தான் அசையும்.

சாயங்காலம் வண்டிக் குரூப்பில் குரல் பதிவு ஒன்று. கம்பம்மெட்டு செல்வராஜ் அண்ணன், ஏலக்காய் வியாபாரம், நேரில் பார்த்ததில்லை. "ஏப்பா, என் வண்டி முன்னாடி டொம்மு டொம்முனு அடி தட்டுது. நான் நூத்திப் பத்து கிலோ. இந்த ஃபோர்க்கு சின்னப் பிள்ளைக்குச் செஞ்சது போல. யாருகிட்டயாவது முரட்டு ஃபோர்க்கு இருந்தா மாத்திக்கிடலாமா?"

நான் துள்ளிய துள்ளலில் அம்மா பயந்துவிட்டார். அவருடையது எனக்கு, என்னுடையது அவருக்கு. ரூபாய் பேச்சே வேண்டாம். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துமா?

மே 4, திங்கள்

புழுக்கம். கடையில் கூட்டமில்லை. நல்லது.

காலை முழுக்க ஃபோர்க் ஜாதகம். என்னுடையதில் ஸ்டிக்கர் இல்லை. அடியில் குத்திய எண் தேய்ந்து கடைசி இரண்டு இலக்கம் மட்டும் மிச்சம். அவருடையதில் எண் இருந்த இடத்தில் யாரோ வெல்டிங் வைத்திருக்கிறார்கள். படம் படமாக அனுப்பிக்கொண்டோம். ஆக்சில் ஓட்டை ஒன்றுபோல. பிரேக் மாட்டும் காதுகள் ஒன்றுபோல. நீளம், நூல் பிடித்து அளந்ததில், ஒன்றுபோல. மிச்சம் ஒன்றே ஒன்று: குழாயின் கனம். வண்டியில் குழாயைப் பிடிக்கிற கிளாம்ப் ஒரே அளவைத்தான் பிடிக்கும். நூல் தடித்தாலும் உள்ளே போகாது.

கனம் அளக்கிற வெர்னியர் லேத் பட்டறையில் இருக்கிறது. பட்டறைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். வெர்னியர் எதற்கு? நான் வளையல் கடைக்காரி! கடையில் இருக்கிற உலோக வளையலையெல்லாம் குழாயில் மாட்டிப் பார்த்தேன். 2-4 போகவில்லை. 2-6 சொகுசாகப் போனது. ஆடவும் இல்லை. என் ஃபோர்க் 2-6.

வீடியோவில் அண்ணனைக் கூப்பிட்டேன். பெரிய முகம், அதைவிடப் பெரிய சிரிப்பு. வீட்டில் உலோக வளையல் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் பின்னால் திரும்பி, "ஏட்டி மல்லிகா, உன் வளையலைக் கழட்டு" என்றார்.

மல்லிகா அக்கா திரைக்குள் வந்தார். "எதுக்குக் கழட்ட?"

"ஃபோர்க்குக்குப் போட."

"எனக்கு ஒரு வளையல் வாங்கித் தந்து எத்தனை வருசமாச்சு. இப்ப ஃபோர்க்குக்குப் போட்டு அழகு பாக்கப் போறாகளாம்! கேட்டியா தங்கச்சி?"

ஆனாலும் சோப்புப் போட்டுக் கழற்றிக் கொடுத்தார். தங்கம். கிரீஸ் படிந்த குழாயில் தங்க வளையல் ஏறியது. கச்சிதம்! நான் கேட்டேன், "அக்கா, உங்க சைஸ் என்னங்க?"

"ரெண்டு ஆறு."

கடையில் நின்றபடியே கூச்சல் போட்டேன். அத்தா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போனார்.

முடிவு: முதலில் அவர் ஃபோர்க்கின் இரண்டு காலில் ஒன்றை மட்டும் அனுப்புவார். பொருந்தினால் மற்றது. பொள்ளாச்சி பஸ்ஸில் தெரிந்த கண்டக்டர் இருக்கிறாராம்.

மே 6, புதன்

மேகமூட்டம். மழை வரும் வரும் என்று வரவில்லை.

நேற்று எதுவும் எழுதவில்லை. நாள் முழுக்கக் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

காலை பொள்ளாச்சி போய் சரக்கு எடுத்தேன். கூடவே பார்சல். சாக்கில் சுற்றிய ஒற்றைக் கால். ஏலக்காய்ச் சாக்கு. வரும்போது பஸ் முழுக்க ஏலக்காய் வாசம். பக்கத்துச் சீட்டு அம்மணி, "பாயசத்துக்குங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கிளாம்பைத் தளர்த்தி, காலை உள்ளே விட்டேன்.

போகவில்லை.

துடைத்துவிட்டு விட்டேன். எண்ணெய் தடவி விட்டேன். வாயிலேயே நிற்கிறது. கடைக்கு ஓடி 2-6 எடுத்துவந்து அவர் குழாயில் மாட்டினேன். ஏறவில்லை. 2-8 ஏறியது.

மல்லிகா அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, உங்க வளையல் நெசமாலுமே ரெண்டு ஆறுங்களா?"

"ரெண்டு ஆறுதான். கல்யாணத்துக்கு எடுத்தது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாவது பிள்ளைக்கப்புறம் கை ஏறலைனு பத்தருகிட்டக் குடுத்துப் பெருசாக்கினோம். அதையுமா கேட்ட நீ? சைஸ் என்னனுதான கேட்ட?"

கல்யாணத்தன்று போட்ட அளவைத்தான் எல்லாப் பெண்களும் ஆயுசுக்கும் சொல்வார்கள். தினமும் கடையில் பார்க்கிறேன். யாராவது "ரெண்டு நாலு" என்றால் பேசாமல் 2-6 பெட்டியை எடுப்பவள் நான். அந்த நான் போய் இதை நம்பியிருக்கிறேன்! வளையல் கடையில் பிறந்து வளர்ந்த பெண்ணாம். செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

சிரிப்பும் வந்தது. அழுகையும் வந்தது. அழுகைதான் அதிகம். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். எனக்கு இந்த வண்டி வேண்டும். இதை இங்கே எழுதாமல் வேறெங்கே எழுதுவது? ஏழு நாளும் கடைக்குள் நிற்கிறவளுக்கு அந்தத் தோப்பில் ஓடுகிற ஒரு மணி நேரம் வேண்டும்.

அம்மா டீ வைத்துக் கொடுத்தார்.

மே 7, வியாழன்

விடியலில் நல்ல மழை. மண் வாசம்.

தூக்கமில்லாமல் படுத்திருந்தபோது தோன்றியது. கை அடிபடுவது குழாயாலா? குழாய்க்குள் இருக்கிற ஸ்பிரிங்கால்தானே! காலை மாற்றுவானேன், எலும்பை மாற்றினால் போதாதா?

அண்ணனைக் கேட்டேன், திறக்கட்டுமா என்று. "தாராளமாத் தொற, ஆத்தா. வேணும்னா அறுத்துப் பாரு." நேரில் ஒருமுறைகூடப் பார்க்காத மனிதர்.

பின்கட்டில் பழைய பேப்பர் விரித்து அவருடைய காலையும் என் ஒரு காலையும் திறந்தேன். எண்ணெய் கருங்காப்பி நிறம். இரண்டு ஸ்பிரிங்கும் வெளியே வந்தது. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன்.

உயரம்: ஒன்றே. மேலே தட்டை வைத்துப் பார்த்தேன், சாயவில்லை.
அகலம்: குழந்தை வளையல் ஒன்று இரண்டுக்குமே சரியாக ஏறியது. இந்தத் தடவை கடையில் புதுப் பெட்டி பிரித்து எடுத்த வளையல்! யார் வாய் வார்த்தையையும் நம்பவில்லை.
அடையாளம்: நுனிச் சுற்றில் அரத்தால் கீறியதுபோல் கோடுகள். என்னுடையதில் மூன்று. அவருடையதில் ஒன்று.

கோடு அதிகமென்றால் முரடா, அல்லது மறுதலையா? தெரியாது. அதையும் சோதித்தே ஆகவேண்டும். ஸ்பிரிங் சாயாமல் இருக்க உள்ளே ஒரு பைப் சொருகி, மேலே பலகை வைத்து, அரிசி மூட்டையை ஏற்றினோம். "ஏற்றினோம்" என்றால் அம்மாவும் நானும். அம்மா மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஏம்புள்ள, இது எந்த ஊர் வெளையாட்டு?" என்றார். மூன்று கோட்டு ஸ்பிரிங் கொஞ்சம் அமுங்கியது. ஒரு கோட்டு ஸ்பிரிங் அதைவிட ஒரு விரல் கனம் அதிகம் அமுங்கியது. அதே மூட்டை!

ஒரு விரல் கனம். அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குத்தான் என் கை இந்தப் பாடு பட்டது. அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அம்மா மூட்டையை விட்டுவிட்டார். பின்கட்டு முழுக்க அரிசி.

அண்ணனுக்குச் சொன்னேன். அங்கே அவர் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. மற்ற காலின் ஸ்பிரிங்கையும் கழற்றி இன்று ராத்திரி பஸ்ஸிலேயே ஏற்றிவிடுகிறார். என்னுடையது வருவதற்கு முன்பே. "உனக்கு ஞாயித்துக்கெழம போட்டி. எனக்கென்ன அவசரம்? ரெண்டு நாளைக்கு ஜீப்புல போறேன்."

மே 8, வெள்ளி

வெயிலும் மழையும் மாறி மாறி.

காலை பொள்ளாச்சி. மல்லிகா அக்காவின் பழைய புடவைக் கிழிசலில் குழந்தையைப் போல் சுற்றிய ஸ்பிரிங். கூட ஒரு பொட்டலம் ஏலக்காய், "வளையல் குத்தத்துக்கு" என்று காகிதத்தில் எழுதி. அதே கண்டக்டரிடம் என் பார்சல்: அவர் கால், அதற்குள் என் மூன்று கோட்டு ஸ்பிரிங் ஒன்று, என் மற்றக் காலிலிருந்து ராத்திரியே கழற்றிய இன்னொன்று தனியாக. அக்காவுக்கு 2-8-இல் ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல். பெட்டியின் மேல் 2-6 என்று எழுதிவிட்டேன். அக்காவுக்கு அதுதானே பிடிக்கும்.

ஜும்ஆ தொழுகைக்கு அத்தா கிளம்பியதும் கடையை அடைத்துவிட்டு வண்டி வேலை. புது ஃபோர்க் ஆயில். மூடியைத் திருகி இறுக்கினேன். ஒரே சந்தோஷம். அத்தா தொழுதுவிட்டு வந்து, தொப்பியைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இன்னொருத்தன் வண்டிச் சாமானமெல்லாம் வெச்சு என்ன யாவாரம், என்ன கச்சோடம் இது?"

"மாத்துக் கச்சோடம், அத்தா."

"ம்." போய்விட்டார். திரும்பி வந்து, கீழே கிடந்த ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி போனார்.

மே 9, சனி

சாயங்காலம் தோப்பில் இரண்டே சுற்று. ரப்பர் வளையல் ஒரு சாணும் இன்னொரு நாலு விரலும் இறங்கியது!!

வேறு எழுத ஒன்றுமில்லை. கடையில் நாள் முழுக்கப் பாடிக்கொண்டே இருந்தேனாம். அம்மா சொல்கிறார்.

மே 10, ஞாயிறு

ராத்திரி மழை, காலையில் தெளிவு. சேறு சரியான பதம்.

பறித்து முடித்த தோப்பு. கிளையெல்லாம் லேசாக நிமிர்ந்து நிற்கிறது. அழுகிய மாம்பழம் மிதிபட்டு ஒரே இனிப்பு வாடை, எங்கு பார்த்தாலும் தேனீ. கறுப்புக் குடையோடு அம்மா வேலியோரம். அத்தா வரவில்லை. கடை இருக்கிறதாம். ஞாயிறு சாயங்காலம் என்ன கடை?

பெண்கள் பிரிவில் ஆறு பேர். எல்லோருக்கும் என்னைவிட நல்ல வண்டி. புறப்பாட்டில் கடைசி. முதல் வளைவில் இரண்டு பேர் சேற்றில் சாய, நான் நடுவே புகுந்தேன். பிறகு அந்தப் பெரிய மேடு. போன மாதம் வரை அங்கே பிரேக் பிடித்து உருட்டிக்கொண்டுதான் போவேன். இன்று பிரேக்கை விட்டுப் பறந்தேன்.

மேலே ஒன்றுமே சத்தமில்லை. இறங்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டேன், பழக்கதோஷம். ஃபோர்க் அமுங்கி, தாங்கி, எழுந்தது. மெத்தையில் விழுந்தது மாதிரி. ஹெல்மெட்டுக்குள் சத்தம் போட்டுச் சிரித்தேன். மைக்கில் ஒருவர் எங்கள் ஊர்ப் பேரைச் சொல்லி மலையாளத்தில், "அடிபொளி! நம்மட கோவிந்தாபுரம் பெண்குட்டி! கண்டோ, கண்டோ!" என்று கத்தியது காதில் விழுந்தது.

மூன்றாவது. கோப்பை இல்லை, ஒரு பிளாஸ்டிக் வாளி பரிசு. அம்மாவுக்கு வாளி ரொம்பப் பிடித்துவிட்டது. "இருந்தாலும் உன்னாட்டம் அந்தரத்துல பறந்தது யாருமில்ல," என்றார்.

செல்வராஜ் அண்ணனின் குரல் பதிவு: "தங்கச்சி, டொம்மு போச்சுத்தா! ஒரு தட்டு தட்டலை! மல்லிகாவுக்கு வளையல் சரியா ஏறிடுச்சு. ரெண்டு ஆறுதான்னு நான் அப்பவே சொன்னேன்லனு ஒரே பிடியா நிக்கிறா."

இப்போது வலது கை. விரலை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் தொட்டுப் பார்க்கிறேன். வலி இருக்கிறது, நல்ல வலி. மரப்பு இல்லை என்றுதான் நினைக்கிறேன். நினைக்கிறேனா, ஆசைப்படுகிறேனா? நாளைக்குத்தான் தெரியும்.

மே 11, திங்கள்

வெயில்.

கல்யாணப் பெண் வந்தாள், கூடவே அரைக் கொல்லங்கோடு. பெண்ணின் அளவு 2-4 என்று அவள் சித்தி சொன்னார். வாயை மூடிக்கொண்டு கையைப் பிடித்துப் பார்த்தேன். உண்மையிலேயே 2-4, ஆனால் கட்டைவிரல் எலும்பு துருத்தி நிற்கிற கை. பயத்தில் விறைப்பாக வேறு வைத்திருந்தாள். இதைவிட மோசமான கை இந்த வருஷம் வரவில்லை.

அத்தா கல்லாவில். முகத்துக்கு முன்னால் பேப்பர். அது ஒரு தடவைகூடப் புரளவில்லை.

கட்டைவிரலை உள்ளே மடக்கி, முட்டியைப் பிடித்து ஒடுக்கி, முதல் வளையல். எலும்பில் முட்டியது. முட்டியது எனக்குத் தெரிந்தது! விரல் நுனி வரை தெரிந்தது. கொஞ்சம் திருப்பினேன், வழுக்கிப் போனது. "வலிக்குதுங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க்கா," என்றாள் பெண். அதற்கப்புறம் கை விறைப்பு விட்டுவிட்டது. இரண்டாவது, மூன்றாவது. பெண்ணோடு பேச ஆரம்பித்தேன், மாப்பிள்ளை என்ன செய்கிறார், சிரிப்பாரா, முறைப்பாரா என்று. வலது கை முடிந்து இடது கை. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. கடைசி வளையல் ஏறியதும் பெண் கையைக் குலுக்கினாள். கடை முழுக்கச் சத்தம்.

ஒன்றுகூட உடையவில்லை.

அவர்கள் வெளியே போகும்போது நெம்மாறை ஆள் உள்ளே வந்தார். வண்டி எங்கே என்று கேட்டார். நான் அத்தாவைப் பார்த்தேன். அத்தா பேப்பரை இறக்கினார்.

"குடுக்கறதுக்கில்லீங்க. ஓட்டற ஆள் ஊட்லயே இருக்குது."

அவர் போனபின்தான் கவனித்தேன். அத்தாவின் வேட்டியில் ரத்தப் பொட்டு. இடது கை மூடியபடியே இருந்தது. பிரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் சிவப்புக் கண்ணாடித் துண்டு நாலைந்து. நான் போட்டுக்கொண்டிருந்த நேரம் முழுக்க ஒரு வளையலைப் பிடித்து இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்.

துண்டுகளை எடுத்தேன். கழுவி, மருந்து போட்டு, கட்டினேன். அழுதேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"கண்ணாடியப் பெருக்கி வெளிய போட்டுடு, புள்ள," என்றார். "உங்கம்மாகிட்டச் சொல்லாத. கடையில ஒண்ணு ஒடஞ்சுதுன்னா அவ உன்னையத்தான் நெனப்பா."